இறுதி ஆண்டிற் சித்திரம் பயின்றவர்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பத்திரிகைக் காரியாலயத்துத் தொலைபேசிகள் ஓய்வதில்லை. பௌதிக விஞ்ஞானப் பிரிவில் மாவட்டத்தின் முதலிடம் யாருக்கு, உயிரியற் பிரிவில் எத்தனை பேருக்கு மூன்று 'ஏ', வர்த்தகப் பிரிவில் எந்தப் பாடசாலை முந்தியது என்பனவே கேள்விகள். புகைப்படங்கள் வந்து குவியும். பெற்றோர் பெயருடனும் அதிபரின் பாராட்டுரையுடனும் செய்திகள் வரும். நான் பத்திரிகைப் பணியில் இருந்த பல்லாண்டுகளில், சித்திர பாடத்தில் முதல்தரச் சித்தி பெற்ற ஒரு மாணவனின் படத்தை முன்பக்கத்தில் இடும்படி எவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் இட்டிருப்போமா என்பது வேறு விடயம்.

எனினும் பாடசாலையின் இறுதி ஆண்டிற் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கு இலங்கையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது சுவாரசியமானது மட்டுமன்றி, எமது சமூகம் தன்னைத்தானே எவ்வாறு பார்க்கப் பழகியது அல்லது பார்க்காமலிருக்கப் பழகியது என்பதையும் சொல்லும் வரலாறு. பரீட்சை எதனை வரையச் சொல்கிறதோ அதனையே மாணவனின் கண் கவனிக்கத் தொடங்குகிறது. பரீட்சை எந்த ஓவியரைப் பற்றி வினவுகிறதோ அவரையே அவன் ஓவியர் என்று நம்புகிறான். ஆகவே இறுதி ஆண்டின் வினாத்தாள் ஒரு தலைமுறையின் கண்ணுக்கு இடப்படும் சட்டம் என்று சொல்வதில் மிகையில்லை.

கையையும் கண்ணையும் பழக்குதல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பரீட்சைகள் இங்கிலாந்தில் 1858இல் ஆரம்பமாயின. இலங்கையில் அவை 1880இல் அறிமுகமாயின. கனிஷ்ட, சிரேஷ்ட பரீட்சைகள் எனப்பட்ட இவையே ஆங்கிலப் பாடசாலைகளில் இறுதி வகுப்பு மாணவர்களின் தலைவிதியை நீண்ட காலம் தீர்மானித்தன. வரைதலும் அப்பரீட்சைகளில் ஒரு பாடம். ஆனால் அதனை இன்று நாம் ஓவியம் என்று கருதும் பொருளில் எடுத்துக்கொள்ளலாகாது.

அக்காலத்து ஆங்கிலேயரின் வரைதற் கல்வி லண்டனின் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்டது. ஹென்றி கோல் என்ற நிர்வாகியின் செல்வாக்கில் உருவான அம்முறையின் நோக்கம் கலைஞரை உருவாக்குவதன்று. கைத்தொழில் யுகத்துக்கு வேண்டிய துல்லியமான கைகளை உருவாக்குவதே அதன் இலக்கு. நேர்கோடு, வளைகோடு, கேத்திரகணித உருவங்கள் என்று தொடங்கி, அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்து எழுதி, பின்னர் சாந்தில் வார்த்த இலை, பூ, கிரேக்கத் தூணின் தலைப்பகுதி ஆகியவற்றை நிழலுடன் வரைவது வரை படிப்படியாகச் செல்லும் பயிற்சி அது. ஒவ்வொரு படியிலும் சரி, பிழை என்ற இரண்டே தீர்ப்புகள். இம்முறை பேரரசெங்கும் பரவியது. சென்னையில் 1850இலும், கல்கத்தாவில் 1854இலும், பம்பாயில் 1857இலும் தோன்றிய கலைக்கூடங்களிலும் இதன் சாயல் விழுந்தது.

இலங்கைப் பாடசாலைக்கு இது வந்தபோது விளைவு விசித்திரமாயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனையும் வடலியும் நிற்க, மாணவன் ஒருபோதும் காணாத அக்கந்தசு இலையை வரைந்தான். வீதியில் தேர் போக, வகுப்பறையில் அவன் கிரேக்கத் தூணின் நிழலை அளந்தான். வரைதல் என்பது வேறெங்கோ உள்ள ஒரு பொருளைப் பிழையின்றிப் பிரதிபண்ணுவது என்ற எண்ணம் அன்று ஊன்றியது. இன்றும் எமது பெற்றோர் பிள்ளையின் படத்தைப் பார்த்தவுடன் 'அச்சு அசலாய் இருக்கிறது' என்று மெச்சுவதில் அந்தப் பழைய வினாத்தாளின் எச்சத்தை நான் காண்கிறேன்.

இக்கல்வியின் குறையை உரத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அவர், கிராமங்கள் தோறும் திரிந்தபோது பாறைகளை மட்டும் பார்க்கவில்லை. சித்திரக்காரரையும் கொல்லரையும் நெசவாளரையும் கண்டார். அதன் பயனாக 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவரது நூல், பாடசாலை கைவிட்ட கைவினைமரபு ஒன்று இன்னமும் உயிருடன் இருப்பதைக் காட்டியது. கொழும்பில் யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் கண்டிச் சித்திரக்காரரின் மரபை எழுத்தில் நிலைநிறுத்தினார் என்பது இன்றைய நாட்களில் நினைவுகூரத் தக்கது. ஆயினும் அந்நூலைப் படித்துப் பரீட்சைத் திணைக்களம் உடனே மாறிவிடவில்லை.

வின்சர் வந்த பின்னர்

மாற்றம் வந்தது ஓர் அரசாங்க உத்தியோகத்தர் மூலமாகவே. சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர் என்ற ஓவியர் 1920இல் இலங்கைக்கு வந்து கல்வித் திணைக்களத்திற் சித்திர வித்தியாதரிசியாகப் பொறுப்பேற்றார். ஐரோப்பாவில் அப்போது புதிய காற்று வீசிக்கொண்டிருந்தது. வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897 முதலே சிறுவர் ஓவிய வகுப்பை நடத்தி, பிள்ளை வரைவது பெரியவரின் ஓவியத்தின் குறைப்பிரதி அன்று, அது தன்னளவிற் கலையே என்று வாதாடி வந்தார். வின்சரும் அத்தகைய நவீன எண்ணங்களின் பக்கத்தில் நின்றவர். மாதிரியைப் பார்த்துப் பிரதிபண்ணும் முறையை விலக்கி, பிள்ளைகள் தாம் கண்டதையும் நினைவில் வைத்ததையும் கற்பனை செய்ததையும் வரைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

ஒரு வித்தியாதரிசியின் அதிகாரம் இக்காலத்து வாசகர்களுக்கு விளங்காது. அவர் பாடசாலைக்கு வருகிறார் என்றால் அதிபர் முதல் காவலாளி வரை அனைவரும் எழுந்து நிற்பர். அவர் எதை நன்று என்கிறாரோ அது மறுநாளே பாடமாகும். அந்த அதிகாரத்தை வின்சர் சாந்துச் சிலைகளுக்கு எதிராகப் பயன்படுத்தினார். ஜோர்ஜ் கீற், லயனல் வென்ற், ஜெப்றி பீலிங் போன்ற இளைஞருக்கு அவர் தந்த ஊக்கம் பின்னாளில் நாடறிந்த விளைவைத் தந்தது. வின்சர் 1930களின் ஆரம்பத்தில் நாடு திரும்ப, அவரது இடத்துக்குப் பீலிங் வந்து நீண்ட காலம் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்தார்.

1943 ஆகஸ்டில் கொழும்பில் லயனல் வென்றின் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடி ''43 குழு'வை அமைத்தனர். 1887இல் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கமும், முதலியார் ஏ.சி.ஜி.எஸ். அமரசேகர போன்றோரின் இயற்பண்புவாத ஓவியமரபும் கோலோச்சிய காலம் அது. அதற்கு மாற்றாக எழுந்த இக்குழுவை இலங்கை நவீன ஓவியத்தின் தொடக்கம் என்று எழுதுவது வழக்கம். அக்குழுவின் தொடக்ககால உறுப்பினர் பட்டியலில் கீற், பீலிங், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி ஆகியோருடன் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. பலரும் அதனைக் கவனியாது கடந்து செல்வர். அவர் எஸ். ஆர். கனகசபை.

வடமாகாணத்து வித்தியாதரிசி

கனகசபை (1901 - 1964) வடமாகாணத்திற் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். 1938இல் யாழ்ப்பாணத்தில் அவர் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவினார். அதற்கு 'வின்சர் ஓவியக் கழகம்' என்று பெயரிட்டார். சைவமும் தமிழும் தழைத்த ஊரில், அரச மாளிகை எதிலும் இடம்பெறாத ஓர் ஆங்கிலச் சித்திர வித்தியாதரிசியின் பெயரில் ஒரு கழகம் தோன்றியது விந்தையே. மாணவனைப் பிரதிபண்ணலிலிருந்து விடுவித்த மனிதருக்கு ஒரு தமிழ் ஆசிரியர் செலுத்திய நன்றி என்றே நான் அதனை விளங்கிக்கொள்கிறேன்.

இக்கழகத்தைச் சேர்ந்தோர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர்கள். பகலில் வகுப்பு எடுத்தவர்கள் ஓய்வு நேரத்திற் கூடி வரைந்தனர். யாழ்ப்பாணத்தின் நிலக்காட்சிகளும், ஊர் மனிதரின் உருவப்படங்களும் அவர்களின் தூரிகையில் இடம்பிடித்தன. ஓவியத்தை விற்று வாழ முடியும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. வாங்குவோர் இல்லாத ஊரில் அவர்கள் செய்த உபகாரம் வேறு. சித்திர ஆசிரியர் என்பவர் கரும்பலகையில் வாழைப்பழம் வரைந்துவிட்டு உறங்குபவர் அல்லர், தாமும் வரைபவர் என்ற எண்ணத்தை அவர்களே எமது பாடசாலைகளில் விதைத்தனர். இறுதி வகுப்பிற் சித்திரம் பயின்ற மாணவன் ஒரு வினாத்தாளை மட்டும் எதிர்கொள்ளவில்லை. தன்முன் நிற்பவர் ஓர் ஓவியர் என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொழும்பின் '43 குழுவினரிற் பலர் வசதி படைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஐரோப்பாவிற் பயின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். யாழ்ப்பாணத்தின் ஓவியமரபோ பாடசாலைச் சம்பளத்தில் வளர்ந்தது. ஆகவே பாடசாலையிற் சித்திரத்துக்கு என்ன நேர்ந்ததோ அதுவே எமது ஓவியத்துக்கும் நேர்ந்தது. ஒன்றைப் பிரித்து மற்றையதன் வரலாற்றை எழுத இயலாது.

எங்கள் காலத்து வகுப்பறை

1950களில் இடைநிலைக் கல்வி தாய்மொழிக்கு மாறத் தொடங்கியபோது சித்திரமும் தமிழுக்கு வந்தது. கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. ஆனால் நூல்கள் வரவில்லை. ஓவிய வரலாற்றை ஆசிரியர் சொல்ல மாணவர் கொப்பியில் எழுதினர். அந்தக் கொப்பியே அடுத்த ஆண்டு மாணவனுக்குப் பாடநூலாயிற்று. நான் உயர்தர வகுப்பிற் படித்த காலத்திலும் நிலைமை அதுவே. எங்கள் வகுப்பிற் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவன் ஒருவனே. அவனுக்கென்று தனி அறை கிடையாது. நூலகத்தின் பின்புறம் இரண்டு மேசைகளை இழுத்துப்போட்டு, ஒரு முட்டியையும் இரண்டு கத்தரிக்காயையும் ஒரு மடித்த துணியையும் வைத்து வரைந்துகொண்டிருப்பான். நாங்கள் வேடிக்கை பார்ப்போம். 'படம் கீறிச் சோறு தின்னலாமா?' என்று அவனுடைய உறவினர் ஒருவர் எங்கள் முன்னாலேயே கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவன் பதில் சொல்லவில்லை. துணியின் மடிப்பில் விழுந்த நிழலைத் திருத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு நிலமும் நீரும் குறைவு, அரச உத்தியோகமும் உயர்தொழிலுமே முதுசொம். 1971இற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப்பிரச்சினையாயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் இறுதி ஆண்டிற் சித்திரத்தைத் தெரிவது குடும்பம் முழுவதையும் பதறவைக்கும் செயலாகவே இருந்தது. மருத்துவமும் பொறியியலும் கைநழுவியவர்களின் ஒதுக்கிடம் என்ற பெயர் அப்பாடத்தில் ஒட்டிக்கொண்டது.

1972இன் கல்விச் சீர்திருத்தம் அழகியற் கல்வியைப் பொதுப் பாடத்திட்டத்தினுள் கொண்டுவந்தது. 1975இல் முதன்முதலாக நடைபெற்ற தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை அதன் விளைவு. அச்சீர்திருத்தத்தின் மீது பல கண்டனங்கள் எழுந்தன. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை அடுத்து அது கைவிடப்பட்டது. எனினும் சித்திரமோ சங்கீதமோ நடனமோ ஏதாவதொன்றை எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் முற்றாக மறையவில்லை. சாதாரண தரம் வரை பிள்ளைகள் சித்திரம் பயின்றனர். உயர்தரத்துக்கு வந்தவுடன் பெரும்பாலோர் தூரிகையை வைத்துவிட்டனர்.

தொடர விரும்பியவனுக்கு அடுத்த வாசல் கொழும்பில் இருந்தது. ஹோர்ட்டன் பிளேஸ் பகுதியில், எம்மவர் 'ஹேவூட்' என்று அழைத்த அரசினர் நுண்கலைக் கல்லூரி அது. 1974இல் அது அழகியற் கற்கைகள் நிறுவகமாகப் பல்கலைக்கழக அமைப்பினுட் சேர்க்கப்பட்டது. 2005இற் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர் பலருக்கு நவீன ஓவியத்தின் வாசலாக இருந்த நிறுவனம், மொழிப் பிரிவினையும் இனப்பூசலும் முற்ற, அவர்களுக்கு எட்டாத இடமாகிப்போனது.

மாற்கு மாஸ்ரர்

அந்த வாசல் திறந்திருந்த காலத்தில் அதனூடாகச் சென்று, ஊருக்குத் திரும்பியவர் அ. மாற்கு (1933 - 2000). குருநகரைச் சேர்ந்த அவர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சித்திர ஆசிரியராகப் பணியாற்றினார். கனகசபையின் கழகம் 1950களின் நடுப்பகுதியில் ஓய்ந்த பின்னர், 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' என்ற பெயரில் அவர் நடத்திய வகுப்புகள் அடுத்த தலைமுறைக்குப் பட்டறையாக அமைந்தன. பெயரைக் கவனியுங்கள். பாடசாலை மூடிய பின்னர், பரீட்சை முடிந்த பின்னர், விடுமுறையில் வரைபவர்களின் கழகம் அது.

மாற்கு ஒரே பாணியிற் கட்டுண்டவர் அல்லர். கோட்டோவியம், வர்ண ஓவியம், சிற்பம் என்று கைக்குக் கிட்டிய ஊடகங்களிலெல்லாம் தேடினார். தம் மாணவருக்கும் அந்தத் தேடலையே கற்பித்தார். 1987இல் அவரைச் சிறப்பித்து வெளிவந்த தொகுப்புக்குத் 'தேடலும் படைப்புலகமும்' என்று பெயர் வைத்தது பொருத்தமானது. எமது ஓவியர் ஒருவரை மையமாக வைத்து அவ்வளவு கனதியான ஒரு நூல் தமிழில் அதற்கு முன்னர் வந்ததாக நான் அறியேன். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் கலைவரலாறும் கற்பித்த தா. சனாதனன், மட்டக்களப்பில் இயங்கிய வாசுகி ஜெயசங்கர் போன்றோர் மாற்குவிடம் பயின்றவர்கள்.

மாற்குவின் பிற்காலம் போரின் காலம். 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. நாளிதழ்களே கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. வர்ணக் குழாயும் தடித்த வரைதாளும் எங்கிருந்து வரும்? ஆயினும் அந்த ஆண்டுகளிலும் பரீட்சைகள் நடந்தன. குப்பி விளக்கின் முன்னிருந்து உயர்தர மாணவர் ஓவிய வரலாறு படித்தனர். விளக்கொளியில் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்தறிய முடியாது. எனவே வர்ணம் தீட்டுவதைப் பகலுக்கு ஒதுக்கி, இரவிற் கோட்டுவேலை மட்டும் செய்ததாக அக்காலத்து மாணவி ஒருவர் பிற்காலத்தில் என்னிடம் கூறினார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்தவை உடுபுடைவை, நகை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ். சுவரில் தொங்கிய ஓவியத்தை எவர் கழற்றி எடுப்பார்? மாற்குவும் அப்படியே பெயர்ந்தார். அவரது ஆக்கங்களில் ஏராளமானவை அழிந்தும் தொலைந்தும் போயின. வன்னியிலும் மன்னாரிலும் அவரது கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் அழிந்தன என்று நாம் கணக்குச் சொல்கிறோம். நூலகத்துக்குப் பட்டியல் இருந்தது. எமது ஓவியங்களுக்குப் பட்டியல் இருக்கவில்லை. ஆகவே எத்தனை அழிந்தன என்று சொல்லவும் வகையில்லை.

காணாததை எழுதுதல்

உயர்தரச் சித்திர பாடத்தில் வரைதல் ஒரு பகுதி, ஓவிய வரலாறு மறுபகுதி. வரலாற்றிற் சீகிரியாவின் அப்சரசுகள், பொலன்னறுவைத் திவங்க பிலிமகேயின் சுவரோவியங்கள், தெகல்தொறுவை விகாரையின் கண்டிக்காலச் சித்திரங்கள், அஜந்தா, சோழர் வெண்கலம், ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று பரந்த பரப்பு உண்டு. எல்லாமே கற்கத் தக்கவை. சீகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்களை இனத்தின் பெயரால் அந்நியம் என்று தள்ளும் மூடத்தனம் எனக்கில்லை. 1967இல் யாரோ அவற்றின்மீது பச்சை வர்ணத்தை அள்ளி ஊற்றினர் என்ற செய்தியைக் கேட்டு வருந்திய தமிழரில் நானும் ஒருவன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் வடக்கிற் சித்திரம் பயின்ற மாணவன் சீகிரியாவைக் கண்டதில்லை. தெகல்தொறுவையையும் கண்டதில்லை. ஏ-9 பாதை 2002இல் திறந்து 2006இல் மூடி 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. அதுவரை அவன் கண்டதெல்லாம் கறுப்பு வெள்ளையில், அதுவும் பிரதியின் பிரதியில், முத்திரை அளவிலான படங்கள். அப்சரசின் மேனி பொன்னிறமா பச்சையா என்று படத்தைப் பார்த்து அறிய முடியாது. கொப்பியில் இருப்பதை மனனம் செய்து எழுதவேண்டும். கென்சிங்டன் காலத்து மாணவன் காணாத இலையை வரைந்தான். இவன் காணாத வர்ணத்தை விபரித்தான். வின்சரும் கனகசபையும் முன்வாசலால் விரட்டிய பிரதிபண்ணல் பின்வாசலால் வந்து அமர்ந்துகொண்டது.

போர் முடிந்த பின்னர் ஒரு கட்டுரைக்காகச் சித்திரம் பயிலும் உயர்தர மாணவர் சிலருடன் பேசினேன். திவங்க பிலிமகேயின் கோட்டமைப்பைப் பற்றி மணியாகப் பதில் சொன்னார்கள். ஜோர்ஜ் கீற் பொரளை கோதமி விகாரையிற் சுவரோவியம் தீட்டியதை அறிந்திருந்தார்கள். கனகசபை யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மாற்குவின் பெயரை ஒரு மாணவி கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் அவருடைய ஓவியம் ஒன்றையேனும் பார்த்திருக்கவில்லை. அவளுடைய வீடு குருநகருக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

பிள்ளைகளை நோவதில் நியாயமில்லை. பார்க்க எங்கே அனுப்புவோம்? கொழும்பில் ஹரி பீரிசின் இல்லம் சபுமல் மன்றமாகி, '43 குழுவினரின் ஓவியங்களை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அத்தகைய ஓர் இல்லம் கனகசபைக்கும் வாய்க்கவில்லை, மாற்குவுக்கும் வாய்க்கவில்லை. கோயில்களிலும் நிலைமை சிறந்ததன்று. பழைய திரைச்சீலை ஓவியங்களும் மண்டப விதானத்துச் சித்திரங்களும் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பளபளக்கும் புது வர்ணத்தின் கீழ் மறைகின்றன. பக்தியோடு செய்யப்படும் அழிப்பு என்பதால் அதனை எவரும் அழிப்பு என்று எண்ணுவதில்லை.

பாடத்திட்டத்தை எழுதுபவர் எமது ஓவியரைச் சேர்க்கவில்லை என்று மேடையிற் பேசுவது எளிது. அந்த முறைப்பாட்டிற் பாதி உண்மை உண்டு. மறுபாதியை நாம் எமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். பாடநூலில் ஓர் ஓவியரைச் சேர்ப்பதற்குப் பத்து ஓவியங்களின் தெளிவான படம் வேண்டும். அவை தீட்டப்பட்ட ஆண்டு வேண்டும். இப்போது எங்கிருக்கின்றன என்ற விபரம் வேண்டும். அவற்றை யார் சேகரித்தோம்?

படம் கீறத் தெரியாதவர்கள்

சனாதனன் 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற கலைநூலை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு என்பதை வாசகர்கள் அறிவர். வடகிழக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களை அணுகி, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையும்படி அவர் கேட்டார். அவர்கள் வரைந்து கொடுத்தார்கள். பெரும்பாலோர் பாடசாலையின் இறுதி ஆண்டிற் சித்திரம் எடுத்தவர்கள் அல்லர். நடுங்கும் கோடுகள். அளவு பிசகிய அறைகள். சாமியறை இங்கே, கிணறு அங்கே, மாமரம் இந்த மூலையில் என்று குறித்தார்கள். அந்தக் கோடுகளையும் அவர்கள் சொன்ன கதைகளையும் கட்டடக்கலைஞரின் வரைபடங்களையும் தம் சித்திரங்களையும் சேர்த்து அவர் நூலாக்கினார்.

அந்நூலைப் புரட்டியபோது, எங்கள் காலத்து 'படம் கீறிச் சோறு தின்னலாமா?' என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்ததாக உணர்ந்தேன். சோறு தின்னலாமோ தெரியாது. ஆனால் உறுதிப்பத்திரம் எரிந்து, வீடு தரைமட்டமாகி, ஊரே மாறிப்போன பின்னர் ஒருவனிடம் எஞ்சுவது அவன் வரையக்கூடிய கோடு மட்டுமே. கண்டதை நினைவில் வைத்து வரையுங்கள் என்று வின்சர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொன்னது எத்தனை பெரிய கல்வி என்பதை, வரலாறு எமக்கு மிகக் கொடூரமான முறையில் விளக்கியிருக்கிறது.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழ் மாணவர் கட்புலக் கலைகளைத் தமது மொழியிலேயே பயில முடிகிறது. எங்கள் வகுப்புத் தோழனுக்குக் கிட்டாத வாசல்கள் இவை. இறுதி ஆண்டிற் சித்திரத்தைத் தெரியும் பிள்ளைக்கு இன்று ஒரு பாதை உண்டு. அப்பாதையிற் போகும் பிள்ளையின் கையில் தன் ஊரின் ஓவிய வரலாறு இல்லை என்பதுதான் எஞ்சியிருக்கும் கடன்.

அந்தக் கடனைத் தீர்க்கப் பெரும்பொருள் தேவையில்லை. உயர்தரச் சித்திர மாணவர் ஒவ்வொருவரும் தமது கிராமத்தில் ஒரு பழைய ஓவியத்தை, ஒரு கோயில் திரைச்சீலையை, ஒரு தேர்ச் சித்திரத்தைப் படம்பிடித்து அளவும் விபரமும் எழுதட்டும். ஆசிரியர்கள் அதனை ஒரு செயற்றிட்டமாக்கலாம். ஐந்தாண்டுகளில் ஒரு மாவட்டத்தின் பட்டியல் கையில் இருக்கும். பின்னர் பாடநூல் எழுதுவோரிடம் வெறுங்கையுடன் போகவேண்டியதில்லை.

கடல்கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ உங்கள் வீட்டு வரவேற்பறையில், ஊரிலிருந்து எப்படியோ வந்துசேர்ந்த அப்பப்பாவின் உருவப்படம் ஒன்றோ பனந்தோப்பின் நீர்வர்ணக் காட்சி ஒன்றோ தொங்கக்கூடும். அதனை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வலது மூலையில் மங்கிய கையொப்பம் இருக்கும், அல்லது பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஆண்டு இருக்கும். அது உங்கள் ஊர்ச் சித்திர ஆசிரியர் ஒருவருடையதாக இருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து, பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கலைவரலாறு கற்பிப்பவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்கு அமரும் ஒரு பிள்ளை அதனைப் பார்க்கும்.